ஒன்றரை மில்லிமீட்டர் சுரங்கம்

தொப்புள் குத்திக்கொள்ளப் போகிறவர்கள் ஊசியை நினைத்து மனதைத் திடப்படுத்திக்கொண்டு போவார்கள். குத்திவிடுகிற பியர்சர் நல்லவராக இருந்தால் உடனே ஊசிப் பக்கம் போகமாட்டார். "உட்காருங்க" என்பார். பிறகு எழுந்து நிற்கச் சொல்வார். குனியச் சொல்வார், இடுப்பை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்வார், மறுபடி உட்காரச் சொல்வார். உட்காரும்போது வயிற்றுத் தோல் எப்படி மடிகிறது, தொப்புளின் மேல் விளிம்பு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது, பாவாடை நாடாவோ ஜீன்ஸ் பட்டனோ எந்த இடத்தில் வந்து அழுத்துகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். இதற்கு நிமிடக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்வார். குத்துவதற்கு ஓரிரு நொடி போதும். என்னைக் கேட்டால், அந்தத் தொழிலின் பாதி இந்தப் பார்வையில்தான் இருக்கிறது.

பெயர் தொப்புள் குத்துவது என்றாலும் ஊசி தொப்புளைத் தொடுவதில்லை. தொப்புள் குழிக்கு மேலே, வீட்டு வாசலுக்கு மேல் தாழ்வாரம் இறங்குவதுபோல, தோல் ஒரு சிறு மடிப்பாக முன்னால் நீண்டிருக்கும். அந்த மடிப்பை மட்டும்தான் துளைக்கிறார்கள். வாழைப்பழம் போல வளைந்த ஒரு குட்டைக் கம்பி அதில் ஏறும். மேல்முனையில் சிறிய குண்டு, கீழ்முனையில் சற்றுப் பெரிய குண்டு அல்லது கல். கீழே உள்ள கல் தொப்புள் குழியில் உட்கார்ந்திருப்பதால், பார்ப்பவர்களுக்குத் தொப்புளிலேயே நகை பதித்ததுபோல் தெரிகிறது.

தொப்புளைத் தொடாததற்குக் காரணம் நாம் பிறந்த நாளில் இருக்கிறது. தொப்புள்கொடிக்குள் மூன்று ரத்தக்குழாய்கள் ஓடும்: ஒரு சிரை, இரண்டு தமனிகள். நஞ்சுக்கொடியிலிருந்து ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தைச் சிரை குழந்தைக்குக் கொண்டுவரும், தமனிகள் திருப்பி எடுத்துப்போகும். கொடியை அறுத்தபின் குழந்தையின் வயிற்றுக்குள் மிஞ்சிய குழாய்களுக்கு வேலை இல்லை. அவை சுருங்கி நார்களாகிவிடுகின்றன. சிரை இருந்த தடம் கல்லீரலை நோக்கிப் போகும் ஒரு நார். தமனிகளின் தடம் அடிவயிற்றுச் சுவரின் உட்புறமாக இறங்கும் இரண்டு நார்கள். கருவில் சிறுநீர்ப்பையிலிருந்து தொப்புள்வரை வந்திருந்த யூராக்கஸ் என்ற குழாயும் அப்படியே நாராகிறது. இவை அத்தனையும் வந்து சேர்கிற முடிச்சுதான் தொப்புள். உடம்பின் முதல் தழும்பு. வயிற்றின் பெரும்பகுதியில் தோலுக்கும் குடலுக்கும் நடுவே கொழுப்பும் தசையும் அரணாக நிற்கின்றன. தொப்புளின் அடியில் அந்த அரண் மெலிந்துவிடுகிறது. தழும்புத் திசு, அதையடுத்து வயிற்றறையின் மெல்லிய உட்சவ்வு, அவ்வளவுதான்.

சிலருக்குத் தொப்புள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அது வெறும் தழும்புத் திசுவாகவும் இருக்கலாம், குடலிறக்கமாகவும் இருக்கலாம். குடலிறக்கம் என்றால் அந்தத் துருத்தலுக்குள் குடலின் ஒரு வளைவே வந்து உட்கார்ந்திருக்கக்கூடும். இருமும்போது புடைத்து, படுத்தால் அமுங்குகிற தொப்புளில் ஊசி வைப்பதைப்பற்றி நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. விவரம் அறிந்த பியர்சர் அங்கே கை வைக்கமாட்டார். மருத்துவரிடம் காட்டச் சொல்லி அனுப்புவார். இன்னும் பலருக்கு நிற்கும்போது அழகான மடிப்பு இருக்கும், உட்கார்ந்தால் குழி மூடிக்கொள்ளும். அப்போது கீழேயிருக்கும் பெரிய குண்டு தோலுக்கு நடுவில் நசுங்கி, கம்பியை முன்னால் நெம்பிவிடும். இவர்களுக்குக் கீழ்முனையில் குண்டுக்குப் பதிலாகத் தட்டையான சிறு தகட்டை வைத்துக் குத்துவதுண்டு. மடிப்பே இல்லாமல் வயிறு தட்டையாக இருந்தால் கம்பிக்குப் பிடிமானம் கிடையாது. உட்கார வைத்துப் பார்ப்பது இதையெல்லாம் தெரிந்துகொள்ளத்தான்.

குத்திக்கொள்வது நமக்குப் புதிதில்லை. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார்த்தி, மொட்டை போட்ட தலையில் சந்தனம் பூசி, ஆசாரி காதில் தங்கக் கம்பியை ஏற்றும் காட்சியைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் குறைவு. மூக்கும் குத்தியிருக்கிறோம். இடுப்புக்கு ஒட்டியாணமும் அரைஞாணும் பூட்டியிருக்கிறோம். தொப்புளைக் குத்தும் வழக்கம் மட்டும் நம்மிடம் இருந்ததில்லை. இன்று நாம் பார்க்கும் தொப்புள் பியர்சிங் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஜிம் வார்டு என்பவர் 1975-இல் லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டிலேயே 'காண்ட்லெட்' என்ற பெயரில் இதற்கான நகைகளைச் செய்யத் தொடங்கினார். 1978-இல் மேற்கு ஹாலிவுட்டில் கடை திறந்தார். அவருக்கு ஆதரவாக இருந்த டக் மல்லாய், பியர்சிங்கின் வரலாறு என்று ஒரு சிறு பிரசுரம் எழுதினார். பழைய எகிப்தில் அரச குடும்பத்தார் மட்டுமே தொப்புள் குத்திக்கொள்ளலாம் என்ற கதை அதில்தான் வருகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இருந்தாலும் அந்தக் கதை இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது. 1993-இல் ஏரோஸ்மித் இசைக்குழுவின் 'க்ரையிங்' பாடல் காணொளியில் நாயகி தொப்புள் குத்திக்கொள்ளும் காட்சி வந்தது. உலகம் முழுக்க இளம்பெண்கள் கடைகளைத் தேடிப் போனார்கள். மறு ஆண்டே, 1994-இல், கலிஃபோர்னியாவில் பியர்சர்கள் கூடித் தொழில்முறை பியர்சர்கள் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். எந்த உலோகம், எப்படிப்பட்ட கிருமிநீக்கம், குத்தியபின் என்ன பராமரிப்பு என்று அவர்கள் வகுத்த நெறிகளைத்தான் நல்ல ஸ்டூடியோக்கள் இன்றும் பின்பற்றுகின்றன.

இனி ஊசி போனபின் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

கத்தி பட்ட விரல் ஆறுவது நமக்குத் தெரியும். ரத்தம் உறையும், பொருக்குத் தட்டும், கொஞ்ச நாளில் பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் தெரியும். உடம்பின் ஆசை ஒன்றுதான்: திறந்ததை மூடுவது. பியர்சிங்கில் அந்த ஆசைக்குக் குறுக்கே ஓர் உலோகக் கம்பி நிற்கிறது. மூடவும் முடியாது, கம்பியைக் கரைக்கவும் முடியாது. உடம்பு வேறு வழியைத் தேர்ந்தெடுக்கிறது. கம்பியைச் சுற்றித் தோலாலேயே ஒரு குழாய் கட்டி, அதை உடம்புக்கு வெளியே இருக்கும் பொருளாக ஆக்கிவிடுகிறது. காதுத் துளை என்று நாம் சொல்வது அந்தக் குழாயைத்தான்.

முதல் சில நாட்கள் வீக்கமும் சிவப்பும் இருக்கும். வெள்ளணுக்கள் காயம்பட்ட இடத்தில் குவிகின்றன. முதலில் வருபவை கிருமிகளை விழுங்கும். பின்னால் வரும் மேக்ரோஃபேஜ்கள் செத்த செல்களையும் சிதைவையும் கூட்டி அள்ளும். அடுத்த கட்டத்தில் நார்ச்செல்கள் வந்து கொலாஜன் இழைகளைப் பின்னுகின்றன. முதலில் பின்னப்படும் வலை அவசரத்துக்குப் போட்ட சாரம் மாதிரி, பலம் குறைவு. மாதக்கணக்கில் அதைப் பிரித்து உறுதியான இழைகளால் மறுபடி பின்னுகிறது உடம்பு. இந்த வேலை நடக்கும்போதே மேல்தோலின் செல்கள் துளையின் இரண்டு வாயிலிருந்தும் கம்பியை ஒட்டி உள்ளே நகரத் தொடங்குகின்றன. ஒரு குழாயின் இரண்டு முனையிலும் இரண்டு கொத்தனார்கள் உட்கார்ந்து, உட்சுவரைப் பூசிக்கொண்டே நடுவை நோக்கி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். வாசல் பக்கம் பூச்சு முடிந்து பளபளவென்று இருக்கும். நடுவில் இன்னும் செங்கல் தெரியும்.

தொப்புள் பியர்சிங்கில் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். இரண்டாவது மாதம் வெளியே பார்த்தால் ஆறிவிட்டதுபோல் இருக்கும். வலி இல்லை, சிவப்பு இல்லை. உடனே ஆசையாக வாங்கி வைத்த தொங்கட்டானை மாட்டிவிடுவார்கள். நடுவில் பூசாமல் இருந்த பகுதி கிழியும். காதுமடல் 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிடும். தொப்புளுக்கு 6 மாதத்திலிருந்து 1 வருடம்வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். காதுமடலுக்கு நாள் முழுக்க வேலை எதுவும் கிடையாது, தொங்கிக்கொண்டிருப்பதைத் தவிர. தொப்புளோ நாம் உட்காரும்போதும், குனிந்து கோலம் போடும்போதும், வண்டி ஓட்டும்போதும் மடிந்து மடிந்து நிமிர்கிறது. அதன்மேல் உடையின் உராய்வு, வியர்வை.

குழாய் கட்டி முடிந்துவிட்டது என்பதற்கு நம் வீட்டிலேயே அடையாளம் உண்டு. பல வருடமாகப் போட்டிருந்த கம்மலைக் கழற்றும்போது அதன் தண்டில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கும், லேசாக வாடையும் அடிக்கும். உதிர்ந்த தோல் செல்களும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தது அது. துளையின் உட்புறம் உண்மையான தோலாக மாறி, கையிலும் காலிலும் உள்ள தோலைப்போலவே பழைய செல்களை உதிர்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தென்மாவட்டப் பாட்டிகள் பாம்படமும் தண்டட்டியும் போட்டுத் தோளைத் தொடும்படி காதை வளர்த்தார்களே, அதுவும் இந்தக் குழாயின் திறமைதான். மெல்ல மெல்ல இழுத்தால் குழாயும் கிழியாமல் வளர்ந்துகொண்டே போகும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். இதை நம் பாட்டிகள் எந்தப் புத்தகமும் படிக்காமல் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பதில் எனக்குத் தீராத வியப்பு.

கம்பியின் பருமனுக்கு வருவோம். தொப்புளுக்கு வழக்கமான அளவு 14 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர். நீளம் பெரும்பாலும் 10 அல்லது 11 மில்லிமீட்டர். வீக்கத்துக்கு இடம்விட்டு முதலில் சற்று நீளமாகப் போடுவார்கள். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும் என்பது பலரைக் குழப்பும். நகைப் பட்டறையில் கம்பியச்சைப் பார்த்தவர்களுக்கு இது புரிந்துவிடும். பெரிய ஓட்டையில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சின்ன ஓட்டை வழியே இழுக்க இழுக்கக் கம்பி மெலிந்துகொண்டே போகும். எத்தனையாவது இழுப்பு என்ற கணக்குதான் கேஜ் எண்ணுக்கு வேர். மூக்குத்திபோல மெல்லிய கம்பி போதாதா என்று கேட்கலாம். வெந்த முட்டையை நூல் போட்டு அறுப்போமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே விசை, குறைந்த பரப்பு, நூல் கத்தியாகிவிடுகிறது. அசைந்துகொண்டே இருக்கும் வயிற்றுத் தோலில் மெல்லிய கம்பி அப்படித்தான் நாளாவட்டத்தில் அறுத்துக்கொண்டு போகும்.

உலோகத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் அதிகம் ஏமாற்றும் இடமும், வாங்குபவர்கள் குறைவாகக் கேள்வி கேட்கும் இடமும் அதுதான். உலோக ஒவ்வாமைகளில் மிகப் பரவலானது நிக்கலால் வருவது. கவரிங் கம்மல் போட்டால் காது அரித்துப் புண்ணாகிறவர்கள் எல்லார் வீட்டிலும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் குற்றவாளி நிக்கல்தான். வியர்வையும் உடல் நீரும் பட்டு உலோகத்திலிருந்து நிக்கல் அயனிகள் கசிகின்றன. அவை நம் நோயெதிர்ப்புச் செல்களின் மேல் இருக்கும் டிஎல்ஆர்4 என்ற ஏற்பியிலேயே நேராக ஒட்டிக்கொள்கின்றன என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. பாக்டீரியா வந்துவிட்டது என்று கூவ வேண்டிய மணியை ஓர் உலோகம் அடித்துவிடுகிறது. டி செல்கள் அந்த உலோகத்தை நினைவில் வைத்துக்கொள்கின்றன. அதன்பிறகு வாழ்நாள் முழுக்க, கைக்கடிகாரப் பட்டையிலோ பெல்ட் கொக்கியிலோ நிக்கல் இருந்தாலும் அரிக்கும். காய்ந்த தோலைவிட ஆறாத புண்ணில் இந்தப் பகை உருவாகும் வாய்ப்பு அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே நிக்கலுக்கு விதி கொண்டுவந்தது. இன்று அங்கே குத்தும் நகையிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவாகத்தான் நிக்கல் கசியலாம்.

'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று அட்டையில் எழுதியிருந்தால் நம்பிவிடுகிறோம். அந்தப் பெயருக்குத் துல்லியமான பொருள் ஒன்றும் கிடையாது. அந்தப் பெயரில் அதிகம் விற்கும் 316எல் வகை எஃகில் 10 முதல் 14 சதவீதம்வரை நிக்கல் இருக்கிறது. எஃகுக்குள் இறுகக் கட்டுண்டிருப்பதால் கசிவு குறைவுதான் என்றாலும், புதுப் புண்ணுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வெள்ளி இன்னும் மோசம்; கறுத்துப்போகும், அந்தக் கறை தோலில் நிரந்தரமாகப் படியலாம். தங்கம் என்றால் நிக்கலும் காட்மியமும் கலக்காத, 14 காரட்டுக்குக் குறையாத தங்கம். எல்லாவற்றையும்விட நம்பகமானது டைட்டானியம், அதிலும் உடம்புக்குள் பொருத்துவதற்கென்றே தரம் வகுக்கப்பட்ட ஏஎஸ்டிஎம் எஃப்136 வகை.

1952-இல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தால் செய்த ஒரு சிறு கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்து வளர்த்துக்கொண்டிருந்தது. இன்று பல் மருத்துவர்கள் தாடையில் பதிக்கும் டைட்டானியத் திருகுகள் அந்த முயலிடமிருந்து வந்தவை. காற்றுப் பட்ட மாத்திரத்தில் டைட்டானியத்தின்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. உடம்பு தொடுவது அந்தப் படலத்தைத்தான், உலோகத்தை அல்ல. கீறினாலும் உடனே மறுபடி உருவாகிவிடும். டைட்டானிய நகைகள் நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக மின்னுவதும் இதே படலத்தால்தான். மின்சாரம் செலுத்திப் படலத்தைத் தடிப்பாக்குகிறார்கள். மழைத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் வானவில் காட்டுவதுபோல, தடிமனுக்கேற்ப நிறம் மாறுகிறது. சாயம் ஏதும் பூசுவதில்லை. ஆகவே உரிந்து புண்ணுக்குள் போவதற்கும் ஒன்றுமில்லை.

நகையின் மரையையும் பாருங்கள். மலிவு நகைகளில் கம்பியின் வெளிப்புறத்திலேயே மரை வெட்டியிருக்கும். அது குழாய்க்குள் நுழையும்போது அரம்போல் உள்ளே கீறிக்கொண்டு போகும். நல்ல நகையில் மரை கம்பியின் உள்ளே குடைந்திருக்கும், குண்டில்தான் திருகு இருக்கும். விரல் நுனியால் தடவினாலே வித்தியாசம் தெரியும். நகை எந்தத் தரத்தது என்பதற்கு உலோக ஆலையின் சான்றிதழைக் கேளுங்கள். தரமான இடத்தில் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கமாட்டார்கள்.

கிருமிநீக்கத்துக்கு ஆட்டோகிளேவ் வேண்டும். பாஸ்டரின் ஆய்வகத்தில் இருந்த சார்ல்ஸ் ஷாம்பர்லான் 1879-இல் செய்த கருவி அது. தத்துவம் நம் வீட்டுக் குக்கருடையதுதான். மூடிய பாத்திரத்தில் அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 121 டிகிரி செல்சியஸ் நீராவி கிடைக்கும். கொதிநீருக்குச் சாகாத பாக்டீரியா வித்துகள் அந்த நீராவியில் கால் மணி நேரத்தில் செத்துவிடும். டெட்டாலில் முக்கி எடுப்பதும், ஸ்பிரிட்டால் துடைப்பதும், தீயில் காட்டுவதும் இதற்கு ஈடாகாது. ஆட்டோகிளேவ் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்கு வெப்பத்தை மிக அதிகமாகத் தாங்கும் ஜியோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளை உள்ளே வைத்துப் பார்ப்பார்கள். அவை செத்திருந்தால் மற்றதெல்லாம் செத்திருக்கும். அந்தச் சோதனையின் பதிவேட்டைக் கேட்டவுடன் எடுத்துக் காட்டுகிற ஸ்டூடியோ எனக்கு மரியாதைக்குரிய இடம். ஊசி ஒருவருக்கு ஒன்று, உங்கள் கண்ணெதிரே உறை பிரித்து எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் 7 நாளாவது உயிரோடிருக்கும். அந்த ரத்தம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக்கூட இருக்க வேண்டியதில்லை.

'கன் ஷாட்' பற்றி ஒரு வார்த்தை. கம்மல் கடைகளில் காது குத்தும் அந்தத் துப்பாக்கி மொட்டையான தண்டை வேகத்தால் தோலுக்குள் தள்ளுகிறது. உள்ளே குடைவான பியர்சிங் ஊசி கூரான வாயால் பிறை வடிவில் வெட்டி வழி செய்கிறது. துப்பாக்கி நசுக்கிக் கிழித்து வழி செய்கிறது. பிளாஸ்டிக் துப்பாக்கியை ஆட்டோகிளேவில் வைத்தால் உருகிவிடும் என்பதால் அதை முறையாகக் கிருமிநீக்கம் செய்யவும் வழியில்லை. 2000-இல் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் ஒரு நகைக் கடையில் காதின் மேற்பகுதியைத் துப்பாக்கியால் குத்திக்கொண்ட 7 பேருக்குச் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தொற்று உறுதியானது. கிருமிநாசினி வைத்திருந்த குப்பியிலேயே அந்தப் பாக்டீரியா குடியிருந்தது. தொப்புளுக்கு அந்தத் துப்பாக்கியை எடுக்கிறவரைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

குத்தும் நேரத்தைப் பொறுத்தவரை சொல்வதற்கு அதிகமில்லை. பியர்சர் உங்களை நிற்க வைத்து மையால் இரண்டு புள்ளி வைப்பார், கண்ணாடியில் காட்டுவார், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி வைப்பார். படுக்க வைப்பார். மூச்சை இழுத்து விடச் சொல்வார், விடும்போது ஊசி போய்விடும். வெறும் வயிற்றோடு மட்டும் போகாதீர்கள், நாலு இட்லியாவது சாப்பிட்டுப் போங்கள். வலியும் பயமும் சேர்ந்து வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயத்துடிப்பு மந்தமாகி, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, மயக்கம் வரும். பசியில் அது இன்னும் எளிதாக வரும்.

பராமரிப்பில்தான் நம் ஊர்ப் பழக்கங்களோடு கொஞ்சம் மோத வேண்டியிருக்கிறது. காது குத்தினால் தேங்காய் எண்ணெய் தொட்டு, மஞ்சள் குழைத்துத் தடவி, தினமும் கம்பியைச் சுற்றிவிடச் சொல்வார்கள். சுற்றாவிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. தோல் டைட்டானியத்தோடு ஒட்டாது. காலையில் துளையின் வாயில் காய்ந்து நிற்கும் பொருக்குதான் ஒட்டியதுபோல் தோன்றும். நிணநீர் காய்ந்த உப்பும் புரதமும் அது. அதைச் சுற்றிவிட்டால் கண்ணாடித்தூள்போலக் குழாய்க்குள் போய், கொத்தனார்கள் நேற்றுப் பூசியதைச் சுரண்டிவிடும். சமையலறை மஞ்சள்தூளில் பாக்டீரியா வித்துகள் இருப்பது சாதாரணம். எண்ணெய் காற்றை அடைத்து அழுக்கைப் பிடித்துவைக்கும். அதுவும் தொப்புளில்! அமெரிக்காவின் வட கரோலினாவில் 60 பேரின் தொப்புளைத் துடைத்துச் சோதித்த ஆய்வு 2012-இல் வெளியானது. 2,368 வகைப் பாக்டீரியாக்கள் அதில் கிடைத்தன. பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்யாத குடித்தனக்காரர்கள். இருந்தாலும் திறந்த புண்ணுக்குப் பக்கத்தில் அத்தனை பேருக்கு எண்ணெயும் ஈரமும் கொடுத்து வளர்ப்பானேன்?

தேவையானது மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் மட்டும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு, ரத்தத்தின் உப்புச் செறிவுக்குச் சமம், அதனால் செல்களை உறிஞ்சி வாட்டாது. வீட்டில் கரைக்கும் உப்புத் தண்ணீர் பெரும்பாலும் கரித்துவிடும். நாளைக்கு ஒன்றிரண்டு முறை சலைன் விட்டு, இளகிய பொருக்கைச் சுத்தமான காஸ் துணியால் ஒற்றி எடுத்து, உலர விடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் கிருமியோடு சேர்த்துப் புதுச் செல்களையும் கொல்லும். ஆறு, குளம், நீச்சல்குளம் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம். சேலை கட்டுகிறவர்களுக்குக் கொசுவம் செருகும் இடம் சரியாக அங்கேதான் வரும். இரண்டு விரல் தாழ்த்தியோ, முடிந்தால் சில மாதம் தொளதொள சுடிதாரிலோ கழித்துவிடலாம். கவிழ்ந்து படுக்கிறவர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மற்றபடி கையை வைக்காமல் விட்டுவிடுவதுதான் மருந்து. துளையின் வாயோரம் ஒரு சிறு கொப்புளம் வந்தால் உடனே கெலாய்டு என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அது உராய்வால் வருவது, உராய்வு நின்றால் அமுங்கும். கெலாய்டு காயத்தின் எல்லையைத் தாண்டிப் படர்ந்து வளரும். கருமை கூடிய தோல்காரர்களுக்கு அது வருவது அதிகம். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் குத்துவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சிவப்பு பரவிக்கொண்டே போனால், தொட்டால் சுட்டால், கெட்டியான சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் மருத்துவரிடம் போங்கள். அப்போது பயந்துபோய் நகையைக் கழற்றிவிடாதீர்கள். வாய் தூர்ந்து சீழ் உள்ளேயே அடைபட்டுவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில உடம்புகள் கம்பியை ஏற்றுக்கொள்வதில்லை. காலில் தைத்த முள்ளைத் தள்ளுவதுபோல மெல்ல மெல்ல வெளியே தள்ளும். மேலே உள்ள தோல் வாரத்துக்கு வாரம் மெலிந்து, கம்பியின் நிழல் தோல்வழியே தெரியத் தொடங்கும். அந்த நிலையில் கழற்றிவிட்டால் சிறு புள்ளியோடு போகும். பிடிவாதமாக வைத்திருந்தால் தோல் பிளந்து நீளத் தழும்பாகும். ஆறிய துளைக்குக்கூட வாழ்க்கையில் சோதனை உண்டு. கர்ப்ப காலத்தில் வயிறு பெருகும்போது மடிப்பு விரிந்து தட்டையாகிவிடும். வளையக்கூடிய பிளாஸ்டிக் தண்டை மாட்டுவார்கள், அல்லது கழற்றிவிடுவார்கள்.

பியர்சர்கள் தங்கள் வேலையின் படங்களைக் காட்டுவார்கள். அன்றைக்குக் குத்தி, வீக்கம்கூட வராத பளபளப்பான படம் எல்லாரிடமும் இருக்கும். ஒரு வருடம் கழித்து ஆறிய படத்தைக் கேளுங்கள். வைத்திருப்பவரிடம் வாடிக்கையாளர்கள் திரும்பி வருகிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் வீக்கம் வடிந்ததும் நீளக் கம்பியை எடுத்துவிட்டுக் குட்டைக் கம்பி போட வரச் சொல்வதும் அப்படிப்பட்ட பியர்சர்கள்தான். கம்பி நீளமாகவே இருந்தால் துணியில் மாட்டி மாட்டிக் குழாயைச் சாய்த்துவிடும்.

முதலில் சொன்ன அந்தப் பார்வை சில சமயம் வேறு மாதிரியும் முடியும். உட்கார்ந்து, எழுந்து, குனிந்து எல்லாம் முடிந்தபின் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் சொல்வார்: "உங்களுக்கு மடிப்பு போதாதுங்க. இன்னிக்குக் குத்தினா நல்லாத்தான் இருக்கும், ஆறு மாசத்துல தோலை அறுத்துட்டு வந்துடும்." ஆசையோடு போனவருக்கு அழுகைகூட வரலாம். கூலி வேண்டாம் என்று உங்களைத் திருப்பி அனுப்பிய அவருடைய எண்ணை அழித்துவிடாதீர்கள். காதுக்கோ மூக்குக்கோ ஆசை வந்தால் அவரிடமே போகலாம்.